லேட் ஆமென்

சபை முழுவதும் ‘ஆமென்’ சொல்லி முடித்துப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கிய பிறகும் அவர் கண்ணைத் திறப்பதில்லை. கடைசிக்கு முந்தின வரிசையில், சுவரோர நாற்காலியில், இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, கேட்ட ஜெபத்தை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்க்கிறார். மைக்கில் ஜெபித்தவர் இறங்கி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாகிவிட்டது. கீபோர்டுக்காரர் விரலைத் தூக்கிவிட்டார். அப்போது அடித்தொண்டையிலிருந்து, தனியாக, ஒரு ‘ஆமென்’ வருகிறது. சில வாரங்களில் வராமலே போய்விடும். கீபோர்டுக்காரர் ஒரு மூச்சு காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் பாட்டை எடுப்பார்.

தலை பாதி நரைத்த இந்த லிப்ட் மெக்கானிக்குக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஞானஸ்நானம் கொடுத்த போதகருக்கே அது மறந்துவிட்டது. சபையில் பெரியவர்கள் முதல் பொடிசுகள் வரை எல்லாருக்கும் அவர் ‘லேட் ஆமென்’தான். மரியாதை தெரிந்தவர்கள் பின்னால் ஓர் அண்ணனைச் சேர்த்துக்கொள்வார்கள்.

ஏன் இப்படி என்று போதகர் ஒரு தடவை பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தார். “ஆமென்னா ‘அப்படியே ஆகட்டும்’னுதானே ஐயா அர்த்தம்? அப்படியே ஆகட்டும்னு சொல்றதுக்கு முன்னாடி, என்ன ஆகட்டும்னு பார்க்க வேண்டாமா?” என்றார் இவர். போதகர் நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் அதில் பாதியாவது அவருக்குச் சரியென்று படும். “பாருங்க, பாருங்க” என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

வேலையிலும் மனிதர் அப்படித்தான். அடுக்குமாடிக் கட்டிடங்களில் லிப்ட் பழுதானால் கம்பெனி இவரை அனுப்பும். வேலை முடிந்ததும், “சரியாயிடுச்சா?” என்று கேட்கும் காவலாளிக்குப் பதில் கிடைக்காது. முதலில் தான் ஒருவராக ஏறி, உச்சி வரை போய், ஒவ்வொரு மாடியிலும் நின்று, கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இறங்கி வருவார். மோட்டாரிடம் இரண்டு வார்த்தை பேசவும் செய்வார். “என்னம்மா முனகுற, இன்னும் என்ன வேணும் உனக்கு?” என்பார். பிறகு வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு, “இப்பப் போங்க” என்பார். சட்டை நீலம். நகத்துக்குள் கிரீஸ். ஞாயிறு காலையில் எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்தும் அந்தக் கருப்பு போவதில்லை.

யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அவர் பதறுவதில்லை. ஆட்கள் மேலே மோட்டார் அறைக்குப் போய், லிப்டைக் கையால் நகர்த்தும் சக்கரத்தைச் சுற்றும் வரைக்கும், மூடிய கதவுக்கு வெளியே கருவிப் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, “நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். உள்ளிருந்து வரும் ஜெபங்களை ஆயுசுக்கும் போதுமென்கிற அளவுக்குக் கேட்டிருக்கிறார். எந்த மதத்துக்காரர் எந்தக் கடவுளைக் கூப்பிட்டாலும் அங்கே இவருடைய ஆமென் உடனே வந்துவிடும். “உள்ள மாட்டிக்கிட்டவங்க ஜெபத்துல ஒரு வார்த்தை வேஸ்ட்டா இருக்காது. ‘கடவுளே, கதவு!’ அவ்வளவுதான்” என்பது அவர் அனுபவம்.

சபை ஜெபங்கள் அப்படி இருப்பதில்லை. வசதியான சபை அது. முன்வரிசை நாற்காலிகளுக்கு மெத்தை, பின்வரிசைகளுக்குப் பிளாஸ்டிக். மின்விசிறி இறக்கைகளில்கூட நன்கொடை கொடுத்தவர்களின் பெயர் எழுதியிருக்கும். விசிறி சுற்றும்போது பெயர் தெரியாது. கரண்ட் போனால் எல்லாரும் அண்ணாந்து படிக்கலாம். வெளியே பேச முடியாத எதையும் ஜெபமாகப் பேசிவிடலாம் என்பது இந்தச் சபையார் கண்டுபிடித்த வசதி. “ஆண்டவரே, சுருதி சேராதவர்களுக்கு வேறு ஊழியத்தைக் காட்டும்” என்று பாடற்குழுத் தலைவி உருகினால், யாரைச் சொல்கிறார் என்று மூன்றாம் வரிசைக்குத் தெரியும். கட்டிட கான்டிராக்டர் புதுக் காருக்காக நன்றி செலுத்தியபோது, ஆண்டவருக்கு விளங்காமல் போய்விடுமோ என்று மாடலையும் சேர்த்துச் சொன்னார். கோபுரம் கட்டுவதற்கான விசேஷ ஜெபத்தில், பக்கத்துத் தெரு சபையின் கோபுரத்தைவிட அது உயரமாக அமைய வேண்டும் என்று தாழ்மையாகக் கேட்டுக்கொண்டார்கள். இதற்கெல்லாம் லிப்ட் மெக்கானிக் வாயைத் திறக்கவில்லை. முழங்கால் வலிக்காரக் கிழவி ஒருத்தி, பஸ் படி ஏறும் அளவுக்கு மட்டும் பெலன் போதும் என்று கேட்டதற்கு அவர் சொன்ன ஆமென் வாசல்வரை கேட்டது.

இவ்வளவு சொன்னதால் அவரைச் சிடுமூஞ்சி என்று நினைத்துவிடக் கூடாது. ஆராதனை முடிந்து மற்றவர்கள் கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போது நாற்காலிகளை அடுக்குகிறவர் அவர்தான். நன்றாகச் சிரிப்பார். பலவீனங்களும் உண்டு. ஷூ கடைக் கண்ணாடியைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும். தன் சுவரோர நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு அவருக்கு ஆராதனையே ஓடாது.

மனைவி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கிறார். வாய்த்துடுக்கு அதிகம், அதைவிடப் பொறுமை அதிகம். “காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் வர்றவங்க எல்லாருக்கும் ‘வலிக்காது, வலிக்காது’ன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒரு ஆமென் சொல்ல உங்களுக்கு என்ன கேடு?” என்று கேட்பார். கேட்டுவிட்டு அவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை இஸ்திரி போட்டு வைப்பார். இந்த அம்மாளுக்கு ஒரு தம்பி. அம்மா இல்லாத வீட்டில் அக்காவே வளர்த்த பிள்ளை. இன்றைக்கு அந்தத் தம்பிக்குச் சொந்தமாக டைல்ஸ் கடை, இரண்டு மாடியில். அக்கா புருஷன் மேல் உயிர். அவருக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து நிற்பான்.

அந்த மச்சானுக்குத்தான் சபைச் செயலர் ஆகும் ஆசை வந்தது. ஆசைக்கு ஒரு காரணமும் இருந்தது. அவனுடைய அப்பா காலத்தில் அந்தக் குடும்பம் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கடைசியாக எழுந்து, யாரும் முகம் கொடுத்துப் பேசாமல் வீட்டுக்குப் போகும். மெத்தை நாற்காலியில் உட்காருவதற்காக மட்டும் அவன் தேர்தலுக்கு நின்றான் என்று சொன்னால் அது பொய். அதற்காகவும் நின்றான். எதிரே நின்றது பழைய செயலர், பாங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மாதத்துக்குச் சபை இரண்டுபட்டது. ஜெபக் கூட்டங்கள் பெருகின. இவ்வளவு ஜெபத்தை அந்தச் சபை அதற்கு முன் கண்டதில்லை.

லேட் ஆமென் அண்ணனின் ஆமெனுக்கு ஒரு மதிப்பு இருப்பது அப்போதுதான் இரண்டு கட்சிக்கும் உறைத்தது. மற்றவர்களின் ஆமென் சும்மா கிடைப்பது. இவருடையது வடிகட்டி வருவது. அது யார் பக்கம் விழுந்தாலும் பத்து வீடுகள் சாயும் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டார்கள். பாங்க் மேனேஜர் வீட்டு லிப்டுக்குத் திடீரென்று அடிக்கடி உடம்புக்கு வந்தது. மச்சானுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. சொந்த அத்தான்.

தேர்தலுக்கு முந்தின வாரம் மச்சான் வீட்டில் ஜெபக் கூட்டம். கூடம் நிறைய ஆட்கள், புது டைல்ஸ் மேல் புதுப் பாய்கள். பாட்டு முடிந்து மச்சானே ஜெபித்தான். உம்முடைய சித்தம் ஆகட்டும் என்று நன்றாகத்தான் ஆரம்பித்தான். போகப்போக அந்தச் சித்தம் என்ன என்பதையும் அவனே விளக்கத் தொடங்கினான். கடைசியில் குரல் ஏறிவிட்டது. “எதிர்த்து நிற்கிறவர்களை எல்லார் முன்பாகவும் வெட்கப்படுத்தும் ஆண்டவரே!”

கூடமே அதிர ஆமென் சொன்னார்கள். பிறகு, வழக்கம்போல, எல்லாரும் காத்திருந்தார்கள். மச்சான் மூடிய கண்ணைத் திறக்காமல் நின்றான். சமையலறை வாசலில் அவனுடைய அக்கா டீத் தட்டோடு நின்றார். லிப்ட் மெக்கானிக் கைகளை முழங்காலில் ஊன்றியபடி இருந்தார். யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஆமென் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, டீ ஆறிப் போகிறது என்று யாரோ சொன்னதும் கூட்டம் கலைந்தது.

மறுநாள் விடிவதற்குள் விஷயம் சபை முழுக்கப் பரவிவிட்டது. சொந்த அத்தானே ஆமென் சொல்லவில்லையாம் என்று மூக்கில் விரல் வைத்தார்கள். மச்சான் தோற்றான். சொற்ப ஓட்டு வித்தியாசம் என்பது எரிகிற வயிற்றுக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய். அன்றிலிருந்து அவன் அக்கா வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, ஆராதனைக்கும் வரவில்லை. அக்கா போன் செய்தால் கடைப் பையன் எடுத்து, முதலாளி வெளியே போயிருக்கிறார் என்று சொல்வான். பின்னாலேயே முதலாளியின் குரலும் கேட்கும்.

பாங்க் மேனேஜர் ஜெயித்த ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் பார்க்க வாசலில் வந்து மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “உங்க மௌனம் எங்களுக்குப் பெரிய ஊழியம் பிரதர்” என்றார். இவர் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். கிரீஸ் படிந்த அந்தக் கையை மேனேஜர் விடவில்லை. உள்ளே போய் மேனேஜர் செலுத்திய நன்றி ஜெபத்துக்கும் இவர் ஆமென் சொல்லவில்லை. சபை அதையும் மெச்சிக்கொண்டது. மனுஷன் யார் பக்கமும் இல்லை பாருங்கள் என்றார்கள்.

மேனேஜரின் ஜெபத்துக்குப் பிந்திய அந்த மௌனத்தின்போது அவருக்கு ஒன்று நடந்தது. அதை அவர் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. அன்று மாலை துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம்தான் முதலில் சொன்னார். அந்த ஜெபத்துக்கு ஆமென் கிடையாது என்று ஒரு நொடியில் முடிவாகிவிட்டதாம். ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லையாம். பின்வரிசை வாலிபர்கள் மூச்சை அடக்கிக் காத்திருப்பது காதில் விழுந்ததாம். இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று தோன்றியதாம். யோசித்துப் பார்த்தால் மச்சான் வீட்டிலும் அப்படித்தான் இருந்ததாம்.

அம்மாள் தலையணை உறையை மடித்து முடித்தார். “எனக்கு இது ரொம்ப நாளாத் தெரியும்” என்றார்.

“தெரிஞ்சுமா சொல்லல?”

“சொன்னா அதையும் மனசுக்குள்ள ஓட்டிப் பார்ப்பீங்க.” அடுத்த உறையை எடுத்தார். “என் தம்பி செயலர் பதவிக்கு நின்னான், தோத்துட்டான். அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். நீங்க எந்தப் பதவிக்கு நிக்கிறீங்கன்னுதான் எனக்கு இன்னும் தெரியல.”

அவர் சாப்பிடாமல் படுத்தார். அந்தச் சபையில் தன்னிடம் மட்டும் ஒரு சுத்தமான பொருள் இருப்பதாக இத்தனை காலம் நினைத்திருந்தார். மற்றவர்கள் காரைக் காட்டினார்கள், கோபுரத்தைக் காட்டினார்கள். தான் வாயை மூடிக் காட்டியிருக்கிறோம் என்பது அவருக்குத் தாங்கவில்லை. அதைவிடத் தாங்காத ஒன்றும் இருந்தது. தம்பியின் பேச்சை எடுத்துவிட்ட பிறகு, விளக்கை அணைத்த அறையில் மனைவி சத்தம் வராமல் அழுதார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுவரோர நாற்காலி காலியாக இருந்தது. மெக்கானிக் முன்பக்கம், டிரம் வாசிக்கிறவருக்குப் பின்னால், ஆள் உயரப் பெரிய ஸ்பீக்கரை ஒட்டிப் போய் உட்கார்ந்திருந்தார். அந்த மூலையில் யாரும் உட்காருவதில்லை. ஜெபம் ஓய்ந்த பிறகும் அங்கே ஸ்பீக்கர் கொரகொரவென்று இரைந்துகொண்டே இருக்கும். அவர் ஆமென் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, பக்கத்தில் நிற்கும் ஆளுக்குக்கூடக் கேட்காது. உதடு அசைவதையாவது பார்க்கலாம் என்று வாலிபர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் தலையை முழங்கால்வரை குனிந்துகொண்டார். கீபோர்டுக்காரர் பழக்க தோஷத்தில் இரண்டு வாரம் காத்திருந்துவிட்டுப் பிறகு விட்டுவிட்டார். மனிதருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று சபை முடிவு கட்டியது. பாடற்குழுத் தலைவி ஒரு நல்ல காது டாக்டரின் விலாசத்தையும் கொடுத்தார். அவர் அதை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

நாற்காலி மாறினால் மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு மதிய இடைவேளையில், யூனிபார்ம் சட்டையோடு டைல்ஸ் கடைக்குப் போனார். மச்சான் பார்த்தான். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. அவர் மேல்மாடிக்கு ஏறி, விற்பனைக்கு வைத்திருந்த வெள்ளைக் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். சுற்றிலும் தண்ணீர் வராத குழாய்கள். வேறு வழியில்லாமல் மச்சானும் வந்து தொட்டியின் மறுமுனையில் உட்கார்ந்தான்.

“அந்த ஜெபத்துல அப்படி என்ன அத்தான் தப்பு?” என்று அவன்தான் ஆரம்பித்தான்.

“எதிர்த்து நிக்கிறவங்களை வெட்கப்படுத்தச் சொன்னே. எதிர்த்து நின்னது அந்த மேனேஜர் ஒருத்தர். பாவம், சுகர் பேஷண்ட்.”

“இதைச் சொல்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“இல்ல. அதுக்கு நான் ஆமென் சொல்லாதது சரிதான். இன்னிக்குக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.” அவர் தொட்டியின் விளிம்பைத் துடைத்துக்கொண்டார். அதில் தூசி ஒன்றும் இல்லை. “ஆனா அன்னிக்கு எல்லாரும் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கு அது நல்லா இருந்துச்சு. உன் வீட்டுல உட்கார்ந்துகிட்டு, நீ கண்ணை மூடி நிக்கும்போது, எனக்கு நல்லா இருந்துச்சுடா. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

மச்சான் எட்டி, தண்ணீர் வராத ஒரு குழாயைத் திறந்து மூடினான். பிறகு, “இதை சர்ச்சுல சொல்லுங்களேன், எல்லார் முன்னாடியும். சாட்சி நேரத்துல” என்றான். குரலில் வெட்டு இருந்தது.

“யோசிச்சேன். சொன்னா கை தட்டுவாங்கடா. அப்புறம் அதுவும் நல்லா இருக்கும்” என்றார்.

கீழே ஒரு தம்பதி வாஷ்பேசின் கேட்டு வந்தார்கள். மச்சான் எழுந்து போய்விட்டான். மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ ஒரு வார்த்தை இல்லை. மெக்கானிக் இன்னும் சிறிது நேரம் தொட்டியில் உட்கார்ந்திருந்தார். வாஷ்பேசின் பேரம் முடிகிறதாகத் தெரியவில்லை. இறங்கி வந்து, கல்லாவைத் தாண்டி, வேலைக்குப் போனார். சாயங்காலம் மனைவியிடம் போனதைச் சொன்னார், நடந்ததைச் சொன்னார். வருவானா என்று அந்த அம்மாள் கேட்டார். தெரியவில்லை என்றார். சோதித்துப் பார்க்காத எதற்கும் வாக்குக் கொடுக்கிற பழக்கம் அவருக்கு வரவே வராது.

நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே போயின. பிறகு ஒரு வாரம், முதல் பாட்டு முடிந்து சபை உட்கார்ந்துகொண்டிருந்தபோது, மச்சான் வாசலில் வந்து நின்றான். அத்தனை தலைகளும் திரும்பின. அவன் வழக்கமாக உட்காரும் நாற்காலியில், மறுபடி செயலராகிவிட்ட பாங்க் மேனேஜரின் சம்பந்தி இருந்தார். இடம் காட்டுகிறவர் இங்குமங்கும் தேடுவதுபோல் கையை அசைத்தாரே தவிர எங்கும் காட்டவில்லை. பெண்கள் பக்கத்தில் அவனுடைய அக்கா, பார்த்தும் பார்க்காததுபோல, விரித்த வேதாகமத்தில் ஒரே பக்கத்தை மறுபடி மறுபடி தடவிக்கொண்டிருந்தார். சபை முழுக்கக் காலியாக இருந்தது ஸ்பீக்கர் மூலை ஒன்றுதான். மச்சான் நடுவழியில் கடைசிவரை நடந்து வந்து, அத்தானுக்குப் பக்கத்து நாற்காலியில், அவர் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தான்.

மேனேஜர் ஜெபிக்க மைக்குக்கு வந்தார். தன்னை உயர்த்தியதற்காக நன்றி சொன்னார். பிறகு குரலைத் தணித்து, தோல்வியினால் தாழ்மையைக் கற்றுக்கொண்டு மந்தைக்குத் திரும்பியிருக்கும் சகோதரர்களுக்காக, பெயர் சொல்ல விரும்பாமல், நிதானமாக ஜெபிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு வார்த்தையும் அந்தப் பெரிய ஸ்பீக்கர் வழியாக நேரே மச்சானின் காதில் வந்து விழுந்தது. அவன் எழுந்துவிடப் போகிறவன்போல நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தான். வாலிபர்கள் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் அந்த மூலையையே பார்த்தார்கள்.

லிப்ட் மெக்கானிக் சட்டைப் பையில் கையை விட்டார். ஸ்பீக்கர் சத்தம் தாங்க, மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து அவர் காதுக்கென்று கொண்டுவந்து கொடுத்திருந்த பஞ்சு அதில் இருந்தது. அதை எடுத்து, இரண்டாகக் கிள்ளி, பெரியதாக வந்த பாதியை மச்சானின் உள்ளங்கையில் வைத்து அவன் விரல்களை மூடினார்.